எந்த அளவில் கரடு? திருகோணமலையின் மணலும் இரும்பும் கல்லும்

புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தூவி, மேலிருந்து ஒளி விழும்படி அமைத்த நுணுக்குக்காட்டியில் முதலில் 4 மடங்கு வில்லையால் பார்த்தால், இல்மனைட் மணிகள் எள்ளைப் போலக் கறுத்து மினுங்கும். வழவழப்பான மணிகள் என்றுதான் யாரும் சொல்வார்கள். 10 மடங்கு வில்லைக்கு மாற்றினால் அதே மணியின் முதுகில் குழிகளும் கீறல்களும் தலைகாட்டும். சில மணிகளின் ஓரம் நரைத்து, உளுத்த மரம்போல் துளைபட்டிருக்கும். 40 மடங்கில் அந்தக் குழிகளுள் ஒன்றின் அடித்தரை மறுபடியும் மழமழவென்று தோன்றலாம். மணியில் எதுவும் மாறவில்லை. அது வழவழப்பா கரடா என்ற கேள்விக்கு மூன்று வில்லைகளும் மூன்று பதில் தருகின்றன, மூன்றும் சரியானவை. நிறையையோ அடர்த்தியையோ போலக் கரட்டைத் தனியாகச் சொல்லிவிட முடியாது. எந்த நீளத்தில் பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் வரும். அந்த நீளத்தை ஒளிக்காமல் குறித்துக்கொண்டால், சாதாரண ஆய்வுகூடத்து ஒளி நுணுக்குக்காட்டியும் இலவச மென்பொருளும் திருகோணமலை மாவட்டத்தின் மணலையும் இரும்பையும் பற்றிய கேள்விகளில் பெரும்பகுதிக்குப் போதும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயல்வது. குறிக்காவிட்டால் மிக விலையுயர்ந்த கருவி தரும் எண்ணும் பயன்படாது.

இங்குள்ள துறைமுகத்தின் கரையை நினைத்தால் இது எளிதில் விளங்கும். உட்துறைமுகம் குடாக்களும் முனைகளுமாக மடிந்து கிடக்கிறது. ஒரு கிலோமீற்றர் நீளக் கோலால் அதன் கரையை அளப்பவருக்குச் சிறு குடாக்கள் எல்லாம் தப்பிவிடும். நூறு மீற்றர்க் கோலால் அளப்பவருக்கு அவையும் கணக்கில் சேர்ந்து கரை நீளும். பாறை பாறையாகச் சுற்றி அளப்பவருக்கு இன்னும் நீளும். கரையின் நீளம் கோலைப் பொறுத்தது என்பதை 1967இல் பெனுவா மண்டல்புரோ பிரித்தானியக் கரையை வைத்து எழுதினார். பொறியியல் பரப்புகளுக்கும் இதே விதி உண்டென்று 1978இல் சேல்ஸ், தோமஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். பல்வேறு அளவிலான பரப்புகளை அவர்கள் ஒப்பிட்டபோது, அளக்கும் நீளம் கூடக் கூட உயர வேறுபாடும் கூடிக்கொண்டே போனது. அதனால்தான் பட்டறை நியமங்கள் ஒரு வெட்டுநீளத்தை வகுத்து, அதற்கு மேற்பட்ட ஏற்ற இறக்கத்தை அலைவு என்று ஒதுக்கிவிட்டு, எஞ்சியதையே கரடு என்கின்றன. ஆர்.ஏ. என்று எழுதும் சராசரிக் கரடு 0.1 முதல் 2 மைக்ரோமீற்றர் வரை இருக்கும் பரப்புக்கு வெட்டுநீளம் 0.8 மி.மீ.; 2 முதல் 10 வரை இருந்தால் 2.5 மி.மீ. ஐந்து வெட்டுநீளம் தொடர்ந்து அளப்பது வழக்கம் என்பதால் முதலாவதற்கு 4 மி.மீ., இரண்டாவதற்கு 12.5 மி.மீ. இடம் வேண்டும். மணலுக்கு இங்கேயே வழி அடைபடுகிறது. ஒரு மில்லிமீற்றரின் ஆறிலொரு பங்குகூட இல்லாத மணியில் 4 மி.மீ. கோடு எங்கே இழுப்பது? பட்டறையின் இலக்கணத்தை மணலுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஏற்ற நீளத்தை நாமே தெரிவுசெய்து, அந்தத் தெரிவை எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும்.

கருவிக்கும் தனக்கென்று நீளங்கள் உண்டு. ஒவ்வொரு பொருள்வில்லையின் கழுத்திலும் பெருக்கத்துக்கு அருகே 0.10, 0.25, 0.65 என்று ஓர் எண் பொறித்திருக்கும். வில்லை எவ்வளவு அகன்ற கூம்பாக ஒளியை ஏற்கிறது என்பதைச் சொல்லும் இந்தத் துவார எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் பெருக்கத்தைவிட இதுவே முக்கியம். 1873இல் ஏர்ணஸ்ட் அபே கண்ட விதிப்படி, அலைநீளத்தைத் துவார எண்ணின் இருமடங்கால் வகுத்தால், பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும். பச்சை ஒளிக்கு 0.10 வில்லையில் அது 2.75 மைக்ரோமீற்றர், 0.25இல் 1.1, 0.65இல் 0.42. உயரத் திசையில் கணக்கு இன்னும் கடுமையானது, ஏனெனில் குவிய ஆழம் துவார எண்ணின் வர்க்கத்தால் சுருங்குகிறது: முறையே ஏறத்தாழ 55, 9, 1.3 மைக்ரோமீற்றர். 4 மடங்கு வில்லையில் மணி முழுவதும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவது இதனால்தான். உயரத்தை அளக்க அந்த வில்லை உதவாததும் இதே காரணத்தால்தான். எல்லாம் தெளிவாக இருக்கும்போது எது உயரம், எது பள்ளம் என்று பிரித்தறிய வழியில்லை. இன்னொரு சிறு குறிப்பும் அளப்பவரைக் காப்பாற்றும். பாடசாலை நுணுக்குக்காட்டிகளின் வில்லைகளில் 0.17 என்று எழுதியிருந்தால், அவை அந்தத் தடிப்புள்ள மூடுகண்ணாடிக்காகச் செய்யப்பட்டவை. 10 மடங்கில் மூடுகண்ணாடி இல்லாமல் பார்ப்பதால் பெரிய கேடில்லை. 40 மடங்கில் படிமம் மங்கிவிடும்.

உயரத்தை ஒளியால் அளக்கும் முயற்சிக்கு நூறாண்டுப் பழமை உண்டு. ஜேர்மனியில் குஸ்தாவ் ஷ்மால்ட்ஸ் 1929இலேயே ஊசியின் அசைவை ஒளிக்கற்றையால் பெருக்கிப் பதிவுசெய்தார். பிறகு ஒளியை மெல்லிய கோடாகச் சாய்வில் விழச்செய்து, மறுபுறச் சாய்விலிருந்து பார்க்கும் முறையையும் வகுத்தார். பரப்பின் மேடு பள்ளம் அந்தக் கோட்டில் நெளிவாகத் தெரியும். 1933இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அபட், ஃபயர்ஸ்டோன் இருவரும், பரப்பை ஒரு குறித்த உயரத்தில் வெட்டினால் எவ்வளவு பகுதி பொருளாக மிஞ்சும் என்று காட்டும் வளைகோட்டைத் தந்தார்கள். 1941இல் லெஸ்டர் நகரில் ரிச்சர்ட் ரீசன் உருவாக்கிய டாலிசர்ஃப் ஊசிக் கருவி பட்டறைகளைப் பிடித்துக்கொண்டது. ஊசியால் தொட்டளப்பதுதான் உண்மையான அளவு என்ற எண்ணம் அன்று முதல் வேரூன்றியது. ஊசியின் முனைக்கும் 2 அல்லது 5 மைக்ரோமீற்றர் ஆரை உண்டு; அதைவிடக் குறுகிய பள்ளத்துக்குள் அது இறங்காது. ஒளிக்கு ஓர் எல்லை இருப்பதுபோல ஊசிக்கும் ஓர் எல்லை. வேறுபாடு என்னவென்றால், ஊசியின் எல்லையை மறப்பதற்கு எண்பது ஆண்டுப் பழக்கம் நமக்கு உதவுகிறது.

எளிய முறை நுண்திருகில் இருக்கிறது. சாதாரணக் கருவிகள் பலவற்றில் அந்தத் திருகு ஒரு சுற்றுக்கு மேடையை 0.2 மி.மீ. நகர்த்தும், சுற்றில் 100 கோடுகள் இருந்தால் ஒரு கோடு 2 மைக்ரோமீற்றர். பள்ளத்தின் விளிம்பு தெளியும் இடத்தில் ஒரு வாசிப்பு, அடி தெளியும் இடத்தில் இன்னொன்று. இரண்டின் வேறுபாடே ஆழம். திருகை எப்போதும் ஒரே திசையில் சுற்றி நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டுத் திரும்பினால் பற்சக்கரத் தளர்வு வாசிப்பில் புகுந்து சில கோடுகளைத் தின்றுவிடும். திருகு சொல்லும் அளவை அப்படியே நம்பவும் கூடாது. தடிப்பு தெரிந்த ஃபீலர் கேஜ் தகடு ஒன்றைக் கண்ணாடியில் வைத்து, மேல்முகத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிக் குவித்துச் சரிபார்க்கலாம். இதே வேலையைப் படங்களாகச் செய்வதுதான் மென்பொருள் முறை. 10 மடங்கில் 4 மைக்ரோமீற்றருக்கு ஒரு படமாக இருபது படம் எடுத்து அடுக்கினால், ஒவ்வொரு புள்ளியும் எந்தப் படத்தில் மிகக் கூர்மையாகத் தெரிகிறதோ அந்தப் படத்தின் உயரமே அப்புள்ளியின் உயரம் என்று கணினி வரைபடம் தீட்டும். ஐ.எஸ்.ஓ. 25178 நியமத் தொகுதியின் 606ஆம் பகுதி, 2015 முதல், குவிய மாற்றத்தால் உயரம் காணும் கருவிகளுக்கே ஒதுக்கப்பட்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பாண்ட் 1997இல் வெளியிட்ட இமேஜ்ஜே, செக் குடியரசின் அளவையியல் நிறுவனத்தில் வளர்ந்த க்விடியன் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களும் படங்களை அடுக்குவது முதல் வெட்டுநீள வடிப்பு வரை எல்லாவற்றையும் செய்கின்றன.

மணலுக்கு வருவோம். கொட்டியாரக்குடாவில் மகாவலி கொண்டுவந்து கொட்டும் ஆற்று மணல், நிலாவெளியின் கடற்கரை மணல், புல்மோட்டையின் கனத்த கனிய மணல் என்று ஒரே மாவட்டத்துக்குள் மூன்று வகை கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. மணியைப் படிக்கும் கலையில் பீற்றர் பாரெட் 1980இல் ஒரு தெளிவைத் தந்தார்: ஒட்டுமொத்த வடிவம், மூலைகளின் உருட்சி, மேற்பரப்பின் இழைவு மூன்றும் மூன்று வேறு நீளங்களில் வாழ்பவை, ஒன்று மாறாமலே மற்றொன்று மாறலாம். மலையிலிருந்து புதிதாக இறங்கிய குவார்ட்ஸ் மணி மூலை கூர்மையாகவும் முகம் வழவழப்பாகவும் இருக்கும். நெடுங்காலம் அலையில் புரண்டது மூலை உருண்டும் முகம் பளபளத்தும் இருக்கும். காற்றில் அடிபட்டது உருண்டு, முகம் மங்கிப் பனித்த கண்ணாடிபோல் ஆகும். 1942இல் பிரான்சின் அந்திரே காயே இந்த மூன்று வகுப்புகளையும் இருகண் நுணுக்குக்காட்டியால் மட்டுமே பிரித்து, பனிக்காலத்துக் காற்றின் தடத்தை ஐரோப்பா முழுவதும் வரைந்தார். அவர் எந்தக் குழியையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. குழிகள் கூட்டாக ஒளியைச் சிதறடிப்பதையே மங்கலாகக் கண்டார். வில்லையால் பிரித்துப் பார்க்க முடியாத கரட்டையும் ஒளி இப்படிக் காட்டிக்கொடுக்கிறது. மலிவான கருவியின் பெரும் பலம் இது. இந்தத் தீவில் இதற்கு ஒரு முன்னோடியும் இருந்தார். கலை வரலாற்றாளராக நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய அளவைப் பணியை நடத்திய புவியியலாளர். 1904இல் தோரியனைட் என்ற கனியம் உலகுக்கு அறிமுகமானதில் அவருக்குப் பங்குண்டு. அவருக்கும் மணலையும் பாறையையும் படிக்கக் கிடைத்தது ஒளி நுணுக்குக்காட்டிதான். இலத்திரன் நுணுக்குக்காட்டி அன்று பிறக்கவே இல்லை.

இதற்கு வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1962இல் கிரின்ஸ்லியும் தகஹாஷியும் இலத்திரன் நுணுக்குக்காட்டியை மணலுக்குத் திருப்பியபின், 1973இல் கிரின்ஸ்லி, டூர்ன்காம்ப் இருவரின் படத்தொகுதி வெளிவந்தபின், இந்தத் துறை முழுதும் அங்கே குடிபெயர்ந்துவிட்டது. நீரில் மோதிய மணியில் விழும் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவத் தழும்புகள் ஒரு மைக்ரோமீற்றரை ஒட்டியவை. ஒளியால் அவற்றை நம்பகமாக எண்ண முடியாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மூதூரிலும் கிண்ணியாவிலும் மணலை வாரி உள்ளே போட்டது. அத்தகைய படிவைச் சாதாரணக் கடற்கரை மணலிலிருந்து பிரிக்க வேண்டுமென்றால், அந்தத் தழும்புகளைத்தான் எண்ண வேண்டியிருக்கும். மங்கல் என்றால் காற்று என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. பாலைவன மணலின் மங்கல் பெரும்பாலும் பனியீரத்தின் வேதி அரிப்பால் வருவது என்று குயேனனும் பெர்டொக்கும் 1962இலேயே சோதனையால் வாதிட்டார்கள். இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் இரண்டு செய்திகள் மிஞ்சுகின்றன. முதலாவது, இலத்திரன் படம் உயர வரைபடம் ஆகாது. அங்கும் வெளுப்பும் கறுப்பும் சரிவையும் விளிம்பையும் பொறுத்தவை, அளவெடுக்கச் சாய்த்து இரண்டு படம் எடுக்க வேண்டும். இரண்டாவது, மணல் பற்றிய எந்த முடிவும் ஒரு மணியில் நிற்காது. நூற்றுக்கணக்கில் பார்த்தால்தான் ஆற்று மணலில் எத்தனை வீதம் உருண்டது, கரை மணலில் எத்தனை வீதம் மங்கியது என்று சொல்ல முடியும். அந்த எண்ணிக்கை வேலையை ஒளி நுணுக்குக்காட்டி ஒரு பகலில் முடித்துவிடும். முதலில் ஒளியால் நூற்றுக்கணக்கானவற்றைப் பார்த்து, ஐயமுள்ள இருபதை மட்டும் இலத்திரனுக்கு அனுப்புவதே முறை. இன்று பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

குவார்ட்ஸில் இன்னொரு தொல்லை, அது ஒளியை உள்ளே விடுவது. அதன் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.55, விழும் ஒளியில் சிறு பங்கே மேல்முகத்தில் தெறிக்கிறது, மீதி உள்ளே போய் உட்குமிழிகளையும் வெடிப்புகளையும் காட்டிவிட்டு வெளியே வருகிறது. மென்பொருள் அந்த உட்குமிழியைப் பள்ளம் என்று கணக்கெழுதிவிடும். புதைபடிவம் படிப்போர் கையாளும் அமோனியம் குளோரைட்டுப் புகைப்பூச்சு போன்ற மெல்லிய ஒளிபுகாப் படலம் இதற்கு மருந்து. ஆனால் பூச்சின் துகளே கரடாகப் பதிவாகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்மனைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஒளிபுகாதது, தெறித்த ஒளியில் முகம் காட்டுவது. புல்மோட்டையில் 1957இல் தொடங்கிய கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் காலம் முதல் அங்கு நடப்பது இல்மனைட்டையும் ரூட்டைலையும் சிர்கோனையும் பிரித்தெடுக்கும் வேலை. பிரிப்பு காந்தத்தாலும் உயர் மின்னழுத்தத்தாலும் நடக்கிறது. மின்னழுத்தப் பிரிப்பு மணியின் மேற்பரப்பு மின்னைக் கடத்துகிறதா என்பதை நம்பியிருக்கிறது. களிமண்ணோ இரும்புத் துருவோ படிந்த மணி தன் இனத்தை விட்டு வேறு தொட்டியில் விழலாம். நெடுங்காலம் நீர் பட்ட இல்மனைட்டிலிருந்து இரும்பு கரைந்து, ஓரம் வெளிறி, நுண்துளைகளுள்ள லியூகொக்சீனாக மாறும் நிகழ்வும் மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. தொடக்கத்தில் சொன்ன நரைத்த ஓரம் அதுவே. எத்தனை மணிகளில், ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே அது போயிருக்கிறது என்று பிசினில் பதித்து மெருகிட்ட வெட்டில் எண்ணுவதற்கு 40 மடங்கு வில்லை போதுமானது. விற்பனைக்கான மணலின் தரத்தோடு தொடர்புள்ள இந்தக் கேள்விக்கு ஒளியே முதல் உரிமையாளர்.

இரும்பு விடயத்தில் ஒளி நுணுக்குக்காட்டிக்கு நியமங்களின் ஆதரவே இருக்கிறது. சீனன்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்று எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளளவு. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய வான்தாக்குதலில் ஒன்று அழிந்தது. 2022 சனவரி உடன்படிக்கையின்படி 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐ.ஓ.சி.க்கும், 61 இருவரின் கூட்டு நிறுவனத்துக்கும் என்று பங்கிடப்பட்டன. உப்புக்காற்றில் தொண்ணூறு ஆண்டு நின்ற இரும்புத் தகடு எதையும் மறுபடி பாவிக்கும் முன் இரண்டு மேற்பரப்புக் கேள்விகள் எழும். மணல்வீசித் துருநீக்கிய தகடு பூச்சைப் பற்றிக்கொள்ளும் அளவு கரடாக இருக்கிறதா என்பது ஒன்று. துரு தின்ற குழி எவ்வளவு ஆழம் என்பது மற்றது. முதற்கேள்விக்கு ஐ.எஸ்.ஓ. 8503இன் ஒப்பீட்டுத் தகடுகள் இருக்கின்றன. கூர்மணலுக்கான தகட்டின் நான்கு பகுதிகள் 25, 60, 100, 150 மைக்ரோமீற்றர் உயரத்தைக் குறிப்பவை. அந்தத் தகடுகளையே அளந்து சரிபார்க்க நியமத்தின் மூன்றாம் பகுதி விதிக்கும் முறை, நுணுக்குக்காட்டியில் உச்சியையும் அடியையும் குவித்துப் பார்ப்பதுதான். நுண்திருகை அறிவியலுக்கு ஒவ்வாத ஏழை முறை என்று கருதுவோர் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். துருக்குழியை ஆராயும் ஏ.எஸ்.ரி.எம். ஜி46 வழிகாட்டியும் விளிம்பு, அடி இரண்டின் குவிய வேறுபாட்டை ஆழமாக ஏற்கிறது. திருகு விளிம்பிலிருந்து அடிக்கு 3 சுற்றும் 40 கோடும் நகர்ந்தால் ஆழம் 0.68 மி.மீ. 10 மடங்கு வில்லையின் குவிய ஆழம் 9 மைக்ரோமீற்றர்தான் என்பதால், அந்த 0.68இல் நூறில் ஒன்றிரண்டு பங்குக்குமேல் பிழை வராது. குதத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர முடியாதே என்பது நியாயமான கேள்வி. அசற்றேற்றுத் தாளை அசற்றோனில் நனைத்து அழுத்தி, உரித்து எடுக்கும் பிரதி முறை இதற்குத்தான் இருக்கிறது. பிரதியில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தலைகீழாகியிருக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். ஆழக்குழிக்குத் தாள் போதாது, சிலிக்கன் அச்சு வேண்டும்.

இந்த இடத்தில்தான் சராசரி எண்ணின் ஆபத்து வெளிச்சமாகிறது. 10 மி.மீ. சதுரத் தகடு ஒன்றில், மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல் இருக்க, 1 மி.மீ. குறுக்களவும் 1 மி.மீ. ஆழமும் உள்ள ஒரே ஒரு நேர்க்குழி இருப்பதாகக் கொள்வோம். குழியின் பரப்பு மொத்தத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எஸ்.ஏ. என்று எழுதும் பரப்புச் சராசரிக் கரட்டைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 15.6 மைக்ரோமீற்றர் வரும். குழியே இல்லாமல், நன்றாக மணல்வீசிய 75 மைக்ரோமீற்றர் உயரத் தகட்டிலும் சராசரி இதே பத்துப் பதினைந்தை ஒட்டித்தான் நிற்கும். ஒரு தகடு பூச்சுக்கு ஆயத்தம். மற்றது ஓட்டையாகப் போகிறது. எண் இரண்டையும் ஒன்றென்கிறது. எண்ணெய் கசிவது சராசரியால் அன்று, மிக ஆழமான குழியால். ஆகவே துருவுக்குக் கேட்க வேண்டியது உச்ச மதிப்பு. சிறு சிறு கட்டங்களில் ஒவ்வொன்றிலும் மிக ஆழமானதைக் குறித்து, எமில் கும்பல் 1958இல் நூலாக்கிய உச்ச மதிப்புப் புள்ளியியலால், அளக்காத பரப்பில் இருக்கக்கூடிய மிக ஆழமான குழியை மதிப்பிடலாம். தொண்ணூற்றொன்பது குதங்களையும் அங்குலம் அங்குலமாகப் பார்க்க முடியாத நிலையில் இதைவிட நல்ல வழி இல்லை.

மென்பொருள் வந்தபின் மனிதத் தெரிவு ஒழிந்து அளவை புறவயமாகிவிட்டது என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை. இமேஜ்ஜேயில் ஒரு சாதாரணப் படத்தைத் திறந்து கரடு காணும் செருகுநிரலை ஓட்டினால், தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கத்தோடு ஆர்.ஏ. வந்துவிடும். அந்த எண் படத்தின் சாம்பல் நிறத்தின் கரடு. பரப்பின் கரடு அன்று. கறுத்த இல்மனைட்டில் ஒட்டிய வெள்ளைத் துகள் அங்கே மலையாகும். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினால் மலைகள் இடம்மாறும். சாம்பலை உயரமாக வாசிக்கும் இந்தப் பிழையைக் கட்டுரைகளிலும் காண முடிகிறது; பிழைகளுள் இதைத்தான் மிகவும் வெறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் எண் மிக நேர்த்தியாக இருக்கும். சாம்பலைச் சாம்பலாகவே வைத்து, அதன் அடுக்கமைவைப் புள்ளியியலால் விவரிப்பது வேறு கதை. ஹராலிக், சண்முகம், டின்ஸ்டீன் மூவரும் 1973இல் தந்த 14 அளவுகள் அப்படிப்பட்டவை. மங்கிய மணியையும் மின்னும் மணியையும் வகைபிரிக்க அவை நன்கு உதவும், விளக்கும் வில்லையும் மாறாதிருக்கும் வரை. உண்மையான உயர வரைபடம் கிடைத்த பிறகும் தெரிவுகள் ஓய்வதில்லை. உருண்ட மணியின் வளைவை எந்தப் படித்தரப் பல்லுறுப்பியால் கழிப்பது? எந்த வெட்டுநீளம்? வரைபடத்தில் முளைக்கும் ஊசிகளை எவ்வளவு தட்டுவது? தெரிவு ஒவ்வொன்றும் எஸ்.ஏ.யை மாற்றும்.

குவிய முறைக்கே உரிய பொறி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மென்பொருள் கூர்மையைத் தேடுவதற்குப் பரப்பில் ஏதாவது வேறுபாடு வேண்டும். முற்றிலும் மெருகேறிய முகத்தில் தேட ஒன்றுமில்லை. அப்போது அது கமராவின் இரைச்சலையே கூர்மை என்று பிடித்து, மேலும் கீழுமாகத் தாவிய உயரங்களை எழுதும். விளைவு, கண்ணாடிபோன்ற முகம் கரடாகவும் நடுத்தரக் கரடு வழவழப்பாகவும் அட்டவணையில் இடம்மாறி உட்காரும். சரிவும் சேர்ந்து ஏமாற்றும்: 0.25 வில்லை ஏறத்தாழ 14 பாகைக்கு மேல் சாய்ந்த மினுங்கும் முகத்திலிருந்து ஒளியைத் திரும்பப் பெறாது, அந்த முகம் கறுத்துவிடும். மங்கிய முகம் ஒளியை எங்கும் சிதறடிப்பதால் செங்குத்துச் சரிவிலும் அளவு தரும். மணல் விடயத்தில் இந்தப் பொறி சரியாக நாம் பிரிக்க விரும்பும் இரண்டு வகுப்புகளின் நடுவே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் கூர்மை எவ்வளவு உறுதியாகக் கிடைத்தது என்ற வரைபடத்தையும் சேர்த்து வைத்து, உறுதியில்லாத புள்ளிகளை வெற்றிடமாக விட வேண்டும். மென்பொருள் வெற்றிடத்தை அயல்புள்ளிகளால் நிரப்பித்தரும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. ஒரு மணியின் முகத்தில் பாதி அளவிட முடியவில்லை என்பதே அது மினுங்கும் வகையென்று சொல்லும் தரவு.

மூன்றாவது மேற்பரப்பு கல். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைச் சேர்த்துக் கட்டிய கோட்டை, பின்னால் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர்பெற்றது. அதன் வாயில் தூணில் இணைக்கயலும் தேய்ந்த தமிழ்ச் சாசனமும் இன்றும் நிற்கின்றன. சிதைந்த எழுத்துகளை ஆய்வாளர் பலவாறு வாசித்திருக்கிறார்கள். இங்கே நுணுக்குக்காட்டி தோற்றுப்போகிறது, தோற்க வேண்டியதும்தான். எழுத்தின் கீறல் மில்லிமீற்றர்க் கணக்கில் அகலமானது. ஒரு பார்வைப் புலத்துக்குள் ஒரு சுழிகூட அடங்காது. சாசனவியலார் நெடுங்காலம் செய்துவந்த மைப்படி முறையை அளவையியல் கண்ணால் பார்த்தால் ஒரு வியப்பு: ஈரத்தாளைக் கல்லில் வைத்துத் தூரிகையால் அடித்துப் படியவைத்து, மேலே மையை ஒற்றினால், மை உயரமான இடங்களில் மட்டும் பிடிக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். பரப்பை ஒரே உயரத்தில் வெட்டிப் பார்ப்பது அது. அபட்டும் ஃபயர்ஸ்டோனும் 1933இல் வளைகோடாக வரைந்ததன் ஒற்றைப் புள்ளி. தேயாத கல்லில் அந்த ஒரு வெட்டே போதும். தேய்ந்த கல்லிலோ கீறலின் ஆழமும் கல்மணி உதிர்ந்த குழியின் ஆழமும் ஒன்றாகிவிடுவதால், குழியும் வெள்ளை, எழுத்தும் வெள்ளை. இரண்டையும் பிரிக்க உயரம் உதவாது; நீளம்தான் உதவும், ஏனெனில் கீறல் நீண்டு ஓடும், குழி ஓடாது. அசையாத கமராவின் முன் விளக்கைப் பல திசைகளுக்கு நகர்த்திப் படமெடுத்து ஒவ்வொரு புள்ளியின் சரிவையும் கணக்கிடும் முறையை ரொபர்ட் வூட்ஹாம் 1980இல் வகுத்தார். 2001இல் மால்ஸ்பெண்டர் குழுவினர் அதன் உறவான ஒரு முறையைத் தொல்பொருள்களுக்குக் கொண்டுவந்தார்கள். கல்லைத் தொடாமல், மையோ சிலிக்கனோ பூசாமல் செய்யலாம் என்பதற்காகவே இது மைப்படியை முந்த வேண்டும். பிரதி எடுக்கும் சிலிக்கன் அச்சு உதிர்ந்துகொண்டிருக்கும் கல்லின் மணிகளைத் தன்னோடு பெயர்த்துவிடும். தகட்டுக்கு ஏற்ற அந்த முறையை இந்தத் தூணில் எவரும் முயலவே கூடாது.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் புல்மோட்டைக் கரைக்குப் புதிய கனிய மணலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காற்றுக்கு முன் ஒரு மாதிரியும் பின் ஒரு மாதிரியும் எடுத்துவைத்து மணிகளின் முகத்தை ஒப்பிட, கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலோ நகரத்துப் பாடசாலை ஒன்றிலோ இருக்கக்கூடிய சாதனங்களுக்கு மேல் எதுவும் தேவையில்லை. மாதிரிக் குப்பியில் ஒட்டும் சீட்டில் இடமும் திகதியும் மட்டும் எழுதுவது வழக்கம். அதற்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: வில்லை 10 மடங்கு, துவார எண் 0.25, பச்சை வடி, ஒளி மேலிருந்து, படத்துக்குப் படம் 4 மைக்ரோமீற்றர், வெட்டுநீளம் இவ்வளவு, அளந்த மணிகள் இத்தனை, அளவு கிடைக்காமல் விட்டவை இத்தனை. ஐந்து ஆண்டு கழித்து அதே குப்பியைத் திறப்பவர், அன்று கையில் எந்தக் கருவி இருந்தாலும், அந்த வரியைப் பார்த்து அதே நீளத்தில் மறுபடி அளக்கலாம்.